மூன்றாம் நம்பர் பிரஸ் நோட்டு

நான் உங்கள் கடைக்குட்டி. வயது இருபத்து மூன்று. கொரியாவில், கம்பெனி விடுதியில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் உட்கார்ந்து போனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். சொல்வதை எழுதிக்கொள்ளும் இது, பேச்சுத் தமிழில் சொன்னால் கண்டதையும் எழுதுகிறது. அதனால் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்கிறேன். அக்கா சிரிக்க வேண்டாம்.

அப்பா, தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் காப்புக் கதவை அண்ணன் தானே கழற்றிவிட்டு அவசரத்தில் கையை விட்டதால்தான் அவனுக்கு இரண்டு விரல் போனது என்று நம்புகிறீர்கள். கம்பெனி காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. அவன் வீடு திரும்பி ஒன்றரை வருடமாகியும் நீங்கள் அவனோடு பேசுவதில்லை. "கதவை நான் தொடவே இல்ல" என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. என் காதில் ஏறியது. அதற்காகத்தான் அதே கம்பெனிக்கு, அதே லைனுக்கு வந்தேன்.

காகிதத்தை எழுதியவர் எங்கள் லைன் மேஸ்திரி. நம் ஆள்தான். அவருக்கு 'வாய்' என்று பெயர். முதலாளிகள் கொரியர்கள். அவர்கள் சொல்வது எங்களுக்கும், நாங்கள் சொல்வது அவர்களுக்கும் அவர் வாய் வழியாகத்தான் போகும். வழியில் எது கூடியது, எது குறைந்தது, கடவுளுக்கே வெளிச்சம்.

ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒரு நோட்டு தொங்கும். ஷிப்ட் மாறும்போது, அடுத்து வரும் கொரிய மேஸ்திரிக்காக வாய் அதில் கொரிய மொழியில் எழுதிவைப்பார். தீர்ந்த நோட்டுகள் டூல்ஸ் பீரோவின் அடித்தட்டில் தூங்கும். ஆயில் துடைக்கும் சாக்கில் தேடினேன். தேதி எண்ணில் இருந்ததால், அண்ணன் அடிபட்டதற்கு முந்தின நாள் பக்கம் அகப்பட்டது. எழுத்துதான் புரியவில்லை. போனை வாசல் லாக்கரில் வாங்கிவைத்துவிடுவார்கள். ஒரு தாளை வெளியே கொண்டுபோனாலும் சோதனையில் பிடிபடும். என் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

பற்பசைக் குழாய், படிக்கட்டு எச்சரிக்கை, மெஷின் பொத்தான் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டினேன். ம் என்பதற்கு ஒரு கட்டம், மூடிய வாய்போல. அவர்களுடைய க நம்முடையதைப் போலவே, சொல்லின் முதலில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி ஒலிக்கும். படுத்த கோடாக ஓர் உயிரெழுத்து உண்டு. 'பாட்டு' என்னும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் விடுவோமே, அந்த உ. வட்டம் முதலில் வந்தால் ஊமை, அடியில் வந்தால் ங். தொண்டையில் கைவைத்து முனகிப் பார்ப்பேன். கீழ்க்கட்டில்காரன், நாங்கள் கொட்டாவி என்று கூப்பிடுகிறவன், தலையைத் தூக்குவான்.

"காதலா, ஜலதோஷமாடா?"

"ரெண்டும் இல்லடா. கோவம்."

"அப்ப சரி. ரெண்டு நாள்ல போயிடும்."

போகவில்லை. பழைய நோட்டிலிருந்து தினம் ஒரு வரியை மனதில் ஏற்றி வெளியே வந்து, போனில் தட்டிப் பொருள் பார்த்தேன். 'மூன்றாம் பிரஸ். காப்புக் கதவைக் கழற்றிவிட்டேன். ஆர்டர் முடியும்வரை மாட்ட வேண்டாம்.' கீழே வாயின் கையெழுத்து.

நேராக முதலாளியிடம் கொடுத்தால், விவரம் கேட்க அவர் வாயைத்தான் கூப்பிடுவார். தவிர, அந்த ஆள் எல்லோர் முன்னாலும் அவமானப்பட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை மறைக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலைகளில் ஆலைத் தலைவர் முன் வரிசையாக நிற்போம். ஒருவர் பாதுகாப்பு உறுதிமொழியைக் கொரிய மொழியில் வாசிக்க வேண்டும். வாய் அதைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருவார், நாங்கள் பொருள் தெரியாமல் ஒப்பிப்போம். நேற்று என் முறை.

"தம்பி, உங்க அண்ணன் மாதிரி சொதப்பி வைக்காத" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

"இல்லண்ணே. தெளிவா படிக்கிறேன்."

காலையிலேயே பீரோவிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் செருகியிருந்த பழைய நோட்டை வெளியே எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி, சத்தமாக அந்தப் பக்கத்தை வாசித்தேன். தேதியையும் கையெழுத்தில் இருந்த பெயரையும் இரண்டு முறை வாசித்தேன். தலைவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் படிக்கத்தான் தெரியும், பேச்சு புரியாது. மொழிபெயர்க்க வாய் வாயைத் திறக்கவில்லை. தேதியைத் தொட்டுக் காட்டி, என் வலது கையில் இரண்டு விரலை மடக்கிக் காட்டினேன். தலைவர் முகம் மாறியது.

நேற்றுச் சாயங்காலம் வாய் என் அறைக்கே வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு தம்பி. தப்பா படிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"தப்பில்லாம படிக்கத்தான் அண்ணே ஏழு மாசம் ஆச்சு."

"உன்னையும் சேத்து ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"ஒரே பிளைட்ல போலாம். ஜன்னல் சீட்டு உங்களுக்கு."

வாசலுக்குத் திரும்பினார். அவர் குனிந்து செருப்பு மாட்டியபோது வயிறு குளிர்ந்தது. என்னை அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

நாளை, நம் ஊர் நேரத்துக்குக் காலை பத்து மணிக்கு விசாரணை. வெளியிலிருந்து வேறு மொழிபெயர்ப்பாளர் வருகிறார். அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைக் கேட்பார்கள். அன்று யாரும் நம்பாததால், இப்போது யார் கேட்டாலும் 'என் தப்புதான்' என்று சொல்லி முடித்துவிட அவன் பழகியிருக்கிறான். நாளைக்கும் அப்படிச் சொன்னால் எல்லாம் வீண். அப்பா, இதைப் படித்ததும் அவன் அறைக்குப் போங்கள். முதலில் நீங்கள் அவனோடு பேசுங்கள். பத்து மணிக்குப் போன் அடிக்கும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.