அண்ணன் நம்பர்

சரிதாவைப் பெட்டிதான் காட்டிக்கொடுத்தது.

கட்டிலின் தலைமாட்டில், ஸ்டூல் மேல் இருக்கும் வெள்ளைப் பெட்டி. அவளுடைய இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு கருவி இருக்கிறது. அது பகலெல்லாம் இதயத்தைக் கவனித்துக் குறித்துவைக்கும். அவள் தூங்கும்போது பெட்டி அதை வாங்கிப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். இதயம் தறிகெட்டு ஓடினால் கருவியே ஒரு மின்சார அடி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். ஒரே ஒரு முறை அப்படிக் கொடுத்திருக்கிறது, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் படியேறும்போது. நெஞ்சுக்குள் யாரோ கதவை எட்டி உதைத்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து படியைப் பார்த்தாலே கால் நின்றுவிடும். கம்பெனி கேன்டீன் மாடியில். அவள் மட்டும் கீழே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். "மெதுவா படி ஏறலாம், பயப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கேட்டாள், கால் கேட்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் ஒருநாள், ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலேயே உத்தனப்பள்ளி வீட்டுக்கு வராமல் ஓசூரில் இறங்கினாள். மலைக்கோயில் படியில் கொஞ்சம் ஏறி, வியர்த்துப்போய் இறங்கிவிட்டாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். வீட்டில் ஓ.டி. வேலை இருக்குது என்று சொல்லிவைத்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு வார லீவு. காலையில் அண்ணன் விஜயகுமார் போனை நீட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"தெனம் சாயந்தரம் உன் நெஞ்சு எகிறுதாம். ஆஸ்பத்திரியிலருந்து மெசேஜ் வந்துருக்குது. அந்நேரத்துல என்னாடி பண்ற?"

அம்மா மாதம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாராச்சும் பையனாடி?"

"பையனா இருந்தா ஒரு வாரத்துல அடங்கியிருக்கும்மா."

"சிரிக்காத. நாளையிலருந்து நீ வேலைக்குப் போவேணாம். உங்க சூப்பர்வைசர்கிட்டப் பேசிட்டன்" என்றான் விஜயகுமார்.

சரிதாவின் கை தானாகத் தோளுக்குப் போனது. இவன் சொல்வதுதான் சரியோ? மலையேறி மலையேறி, தானே தன்னைக் கெடுத்துக்கொண்டாளோ? வேலை போனால் இந்த வீடும் இந்தக் கட்டிலும் இந்தப் பெட்டியும்தான். போனை வாங்கிப் பார்த்தாள். தினமும் சாயங்காலப் பதிவில் மாற்றம் தெரிகிறது, சரிதாவை எங்களுடன் பேசச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் இருந்தது. எகிறுது, ஆபத்து என்றெல்லாம் ஒன்றுமில்லை. வந்த தேதியைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை.

"எனக்கு வந்த சேதி ரெண்டு நாளா உன் போன்ல தூங்குதா?"

"சொன்னா நீ பயப்படுவ."

"சூப்பர்வைசர்கிட்ட மட்டும் சொல்லலாமா?"

அவன் போனைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான். சேதி அவனுக்குப் போனதில் தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரியும். கருவி வைத்த அன்றைக்கு நர்ஸ் நம்பர் கேட்டார். ஷிப்டில் போன் கம்பெனி கேட் லாக்கரில் கிடக்கும், கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. அதனால் அண்ணன் நம்பரைப் போட்டுக்கோங்க என்று அவளேதான் சொன்னாள்.

தன் போனில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பதிவுகளைப் பார்க்கும் ஸ்ரீராம் எடுத்துக் கன்னடத்தில் ஆரம்பித்தார்.

"ஹேளி மேடம், சொல்லுங்க. ரெண்டு நாளா நீங்க கூப்பிடவே இல்லையே?"

"எனக்கு இன்னிக்குத்தான் சார் தெரியும்."

"சாயங்காலத்துல ரேட் ஏறுது, அப்புறம் அழகா இறங்கிடுது. ரிதம் சரியா இருக்கு, ஷாக் எதுவும் கொடுக்கல. அந்த நேரத்துல என்ன பண்றீங்கன்னு கேக்கத்தான் மெசேஜ்."

"மலைக்கோயில் படி ஏறன் சார்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஓ, அதுவா! மயக்கம், தலைசுத்தல்?"

"இல்ல சார்."

"வந்தா உடனே உக்காந்து எங்களைக் கூப்பிடுங்க. செக்கப்புல டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. ஏறுங்க மேடம்."

"சார், நம்பர் மாத்தணும். மொதல்ல என் நம்பர். அண்ணனோடது ரெண்டாவதா இருக்கட்டும்."

"பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க."

விஜயகுமாரின் கையில் போன் சிணுங்கியது. அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சொல்லுண்ணா."

"முடியாது. உன் போன் லாக்கர்ல கெடக்கும். ஒண்ணுன்னா யாருக்குத் தெரியும்?"

"லாக்கர்ல வெக்க மாட்டன். ஆஸ்பத்திரியில லெட்டர் வாங்கிக் குடுத்து, கையிலயே வெச்சிக்குவன். சொல்லு."

அவன் தெருவைப் பார்த்தான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"மேடம், டைம் முடிஞ்சிடுச்சு" என்றார் ஸ்ரீராம்.

"மறுபடி அனுப்புங்க சார். எனக்கு இன்னிக்கு லீவுதான், சாயந்தரம் வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பன்."

மறுபடி சிணுங்கியது. மாதம்மாள் ஈரக்கையோடு வந்து நின்றாள். "மலை ஏறுனவ எங்கிட்டப் பொய் சொன்னா. அதை நான் கேட்டுக்கறன். நீ ரெண்டு நாளு சேதியை அமுக்கி வெச்சயே, நெசமாவே ஏதாச்சும் ஆயிருந்தா? சொல்லித் தொலடா."

ஒவ்வொரு எண்ணாக, பல்லில் மாட்டிய முள்ளைத் துப்புவதுபோல அவன் சொன்னான்.

அடுத்ததாகச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். "சார், எங்கண்ணன் சொன்னதை விடுங்க. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் வரன்."

மறுநாள் சாயந்தரம் அவள் மலையடிவாரத்துக்கு வந்தபோது விஜயகுமார் அங்கே பைக்கை நிறுத்திவிட்டு நின்றான். "நானும் வரன். நீ விழுந்தா யாரு புடிக்கறது?" என்றான். வராதே என்று அவள் சொல்லவில்லை. பாதி மலையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

சரிதா இதுவரை ஏறாத படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா வாண்ணா. உன்னுது எகிறுனா யாருக்கும் மெசேஜ் வராது."