சுட்டுப் பார்த்த தாள்

அப்பா செத்து நான்கு வருஷம் ஆகிறது. ஆனால் வீட்டை விட்டுப் போன பாடில்லை. பகல் ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரத்துக்கு, நாலு, நாலரை மணிக்கு, சமையலறை வாசலில் துப்பாக்கி எண்ணெய் வாசனை வரும். தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, "இப்ப என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்பேன். பதில் வராது. உயிரோடு இருந்தபோதும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன சரித்திரம் கிடையாது அந்த மனுஷனுக்கு. என் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் நான் சொன்னதில்லை. சொன்னால், மாமாவுக்கு நம்மை விட்டுப் போக மனசில்லை என்று உருகிப்போய் உட்கார்ந்துவிடுவார்.

அப்பா துப்பாக்கித் தொழிற்சாலையில் சுட்டுப் பார்ப்பவராக இருந்தார். முப்பத்தோரு வருஷம் அதே வேலை. செய்து முடித்த ஒவ்வொரு ரைஃபிளையும் மணல் மூட்டை மேல் படுக்க வைத்து ஐந்து தோட்டா சுட வேண்டும். ஐந்து துளை விழுந்த தாளில் துப்பாக்கியின் எண்ணையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் துப்பாக்கியோடு பெட்டிக்குள் போகும். வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். துளைகள் ஒன்றையொன்று ஒட்டி விழுந்திருந்தால் நல்ல துப்பாக்கி. அதோடு, வெளியே தெறித்த ஐந்து வெற்றுத் தோட்டாக் கூடுகளையும் பொறுக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். கூடு நீண்டிருந்தாலோ கீறல் விட்டிருந்தாலோ தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடுகிற போல்ட் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அந்தத் துப்பாக்கி வெளியே போகக் கூடாது.

என் பள்ளிப் புத்தகங்களுக்கெல்லாம் கழித்துப்போட்ட அந்தத் தாள்தான் அட்டை. துளைகளில் நூல் கோத்து விளையாடுவேன். "ரெண்டு துப்பாக்கி ஒரே மாதிரி சுடாது. ஒரே துப்பாக்கியே ரெண்டு தடவை ஒரே மாதிரி சுடாது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பச்சை மையில் அவர் கையெழுத்து ஒரு சுழி, ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலை ரைஃபிள் ஒன்றை வாங்கினார். அவர் கிளப்பில் இலக்கு பார்த்துச் சுடுகிறவர், மான் முயல் பக்கம் போகாத ஆள். மாமனார் கையெழுத்துப் போட்ட தாளோடு வந்த துப்பாக்கி என்று கிளப் முழுக்கக் காட்டித் தம்பட்டம் அடித்தார். முதல் நாள், மூன்றாவது தோட்டா. போல்ட் பக்கம் கூடு கிழிந்து, சூடான புகை பின்னால் சீறி, போட்டிருந்த கண்ணாடியையும் பிய்த்துக்கொண்டு வலது கண்ணில் அடித்தது. கண் போய்விட்டது.

விசாரணைக்கு வந்தவர்கள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அஞ்சு தோட்டாவும் நானே சுட்டேன், அஞ்சு கூடும் சுத்தமாக இருந்தது என்றார் அப்பா. அப்படியானால் தோட்டாவில்தான் கோளாறு. என் வீட்டுக்காரர் வெடிமருந்தை வீட்டிலேயே எடைபோட்டுத் தோட்டா நிரப்புகிறவர். கை தவறி மருந்து கூடிப்போயிருக்கிறது என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் அவர் மருந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது நான்தான் எதிரே உட்கார்ந்து அவருடைய தம்பி பெண்டாட்டியைப் பற்றி முக்கால் மணி நேரம் புலம்பித் தீர்த்தேன். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

கண் போனதைவிட அவருக்குக் கை போனதுதான் பெரிசு. அதாவது, தன் கைமேல் இருந்த நம்பிக்கை. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். டீக்குச் சர்க்கரை போட்டுவிட்டு, "போட்டுட்டேனா?" என்று என்னைக் கேட்பார். அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிற பொறுப்பே வேண்டாமென்று கீழ் வேலைக்கு எழுதிக் கொடுத்தார். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னால உங்க பேரு கெட்டுது மாமா. மன்னிச்சிடுங்க" என்று அழுதார். அப்பா, "விடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு என்று நான் வாசலில் நின்று நினைத்தேன்.

இப்படி இருந்தவர்தான் போன வருஷம் கிளப்பின் காற்றுத் துப்பாக்கியை எடுத்து இடது தோளில் வைத்து, இடது கண்ணால் பார்த்துச் சுடப் பழகினார். பழகப் பழகக் கொஞ்சம் நிமிர்ந்தார். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள், "எனக்கு ஒரு ரைஃபிள் வாங்கணும், நீ கூட வரியா?" என்று கேட்டார். எட்டு வருஷத்தில் அவர் தனக்கென்று கேட்ட முதல் பொருள்.

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அதே எண்ணெய் வாசனை. துப்பாக்கிக் கடையில் வேறு என்ன வாசனை வரும் என்று என்னையே அதட்டிக்கொண்டேன். இருந்தாலும் அப்பா என் தோளுக்குப் பின்னால் நிற்பது போலவே இருந்தது. வீட்டில் என்றால் வாசனையை வைத்துக் கண்டுபிடிப்பேன். இங்கே எது அவர், எது கடை என்று பிரிக்க முடியவில்லை.

"இடது கை போல்ட் கேக்கறவங்க வருஷத்துக்கு ஒருத்தர் வந்தா ஜாஸ்தி சார்" என்றார் கடைக்காரர். முன்வழுக்கை, மூக்கு நுனியில் கண்ணாடி. "என்கிட்ட இருக்கறது ரெண்டே ரெண்டு. ரெண்டும் ஒரே ஃபேக்டரி. வந்து ஆறு வருஷமாச்சு, என்கூடவே குடித்தனம் பண்ணுது. வெளிநாட்டு சரக்கு வேணும்னா ஒரு வருஷம் காத்திருக்கணும்."

இரண்டு நீளப் பெட்டிகளை மேசை மேல் வைத்துத் திறந்தார். மேலாக மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்து நீட்டினார். இரண்டிலும் பச்சை மை. ஒரு சுழி, ஒரு வெட்டு.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துபோனது. "மாமா கையெழுத்து! பாத்தியா? மாமா சுட்டுப் பாத்தது. இதுக்கு மேல நமக்கு என்ன வேணும்?"

 

கடைக்காரர் இரண்டு துப்பாக்கியிலும் போல்ட்டை இழுத்து அறை காலி என்று காட்டி, மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் முதல் துப்பாக்கியை இடது தோளில் பொருத்தி, கட்டையில் கன்னத்தைச் சாய்த்து, எதிர்ச் சுவரில் இருந்த ஆணியைக் குறி பார்த்து ட்ரிகரை இழுத்தார். டக். மறுபடி போல்ட், மறுபடி டக். கழுத்தைச் சுளித்தார். கட்டை அரை விரல் நீளம், ட்ரிகரும் மணலில் கால் இழுபடுவது போல இழுபடுகிறது என்றார். இரண்டாவதை எடுத்தார். போல்ட் வழுக்கிக்கொண்டு போய் மூடியது. டக். அவர் மூச்சு மெல்ல இறங்கியது எனக்குக் கேட்டது. பத்துத் தடவை, பதினைந்து தடவை இழுத்துப் பார்த்தார். கண் போவதற்கு முன்னால் இருந்த ஆள் அந்த நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்.

நான் சும்மா இருக்கப் பிடிக்காமல் தாள்கள் இரண்டையும் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஓரம் தட்டினேன். மேசை விளக்கு தாள்களுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து துளை வழியாகவும் வெளிச்சம் வந்து என் முகத்தில் விழுந்தது.

ஒன்று பொருந்தலாம். இரண்டு பொருந்தலாம். ஐந்தும் ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்தாது. தாளைப் பிரித்துத் துளைகளின் ஓரத்தைப் பார்த்தேன். முதல் துப்பாக்கியின் தாளில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சாம்பல் வளையம், குண்டு முதலில் தொடுகிற தாளில் துடைத்துவிட்டுப் போகிற கரி. இரண்டாவது துப்பாக்கியின் தாளில் வளையமே இல்லை, வெறும் ஓட்டை. இரண்டு தாளையும் சேர்த்து மாட்டி ஒரே துப்பாக்கியால் சுட்டு, இரண்டு துப்பாக்கிக்கு எண் எழுதியிருக்கிறார். இரண்டாவது துப்பாக்கி தொழிற்சாலையில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. என் வீட்டுக்காரர் கன்னத்தோடு அணைத்து வைத்திருந்ததுதான் அந்த இரண்டாவது துப்பாக்கி.

தோள்வலிதான் காரணமாக இருக்கும். ராத்திரி ராத்திரியாக அந்த வலது தோளில் தைலம் தேய்த்தவள் நான். ஒரு ஷிஃப்டுக்கு முப்பது துப்பாக்கி, நூற்றைம்பது உதை. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல், பாதியைச் சுட்டு மீதியைத் தாளால் ஒப்பேற்றியிருக்கிறார். பாவம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் தேதியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கண் போய்ப் பதினான்கு மாதம் கழித்து எழுதிய தேதி. அதற்குப் பிறகும் செய்திருக்கிறார். அப்படியென்றால் அதற்கு முன்னாலும் செய்திருக்கிறார், இவர் கண்ணைப் பறித்த துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்திருக்க மாட்டார். மருந்தும் கூடவில்லை, என் புலம்பலும் காரணமில்லை.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கடைக்காரரும் என் வீட்டுக்காரரும் என் எதிரே இருந்தார்கள். பின்னால் சுவர்தான். "பேசாம இருங்க" என்று வாய்க்குள் சொன்னேன்.  

எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. அப்பாவையும் காப்பாற்றலாம், இவர் மிச்சக் கண்ணையும் காப்பாற்றலாம்.

"என்னங்க, அந்த முதல் துப்பாக்கியவே எடுத்துக்கலாமே."

"ஏன்?"

"கட்டை நிறம் நல்லா இருக்கு."

கடைக்காரரே சிரித்துவிட்டார். "அம்மா, இது என்ன புடவையா?"

"எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

 என் வீட்டுக்காரர் இரண்டாவது துப்பாக்கியை மெதுவாகப் பெட்டியில் திரும்ப வைத்தார், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல. "சரி. உனக்குப் பிடிச்சதையே எடுத்துக்கலாம். என் கைக்கு ரெண்டாவதுதான் சரியா இருக்கு. ஆனா என் கை சொல்றத நம்பித்தானே அன்னிக்குக் கண்ணப் பறிகொடுத்தேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எட்டு வருஷமாகப் பார்த்து வருகிறேன். இனி ஒரு நாள்கூடப் பார்த்துப் பொறுக்க முடியாது என்று தோன்றியது. இரண்டு தாளையும் சேர்த்து விளக்குக்கு முன்னால் பிடித்தேன்.

"இங்க வாங்க. இதப் பாருங்க."

குனிந்து பார்த்தார். ஐந்து பொட்டு வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. துப்பாக்கி பழகிய மனுஷன், எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாளைப் பிரித்தார், துளை ஓரத்தை விரலால் தடவினார், தேதியைப் படித்தார். மறுபடி படித்தார். கடைக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னுதும் இப்படித்தானா?"

"ஆமாங்க. அப்படித்தான் இருக்கணும்" என்றேன். "நீங்க மருந்து சரியாத்தான் போட்டிருக்கீங்க. உங்க கைமேல தப்பே இல்ல."

கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. இடது கையை விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரரிடம், "இந்த ரெண்டாவதையே எடுத்துக்கறேன்" என்றார். "மெக்கானிக்கக் கூப்பிடுங்க. போல்ட் சரியா உக்காருதான்னு அளவு கேஜ் போட்டு என் முன்னாடியே பாக்கட்டும். அப்புறம் கிளப் ரேஞ்சுல ட்ரிகர்ல கயிறு கட்டித் தள்ளி நின்னு அஞ்சு தோட்டா சுட்டுப் பாக்கணும். கூடு அஞ்சையும் நானே பாப்பேன். சரியில்லன்னா திருப்பிக் குடுத்துடுவேன்."

"தாராளமா பாருங்க சார்" என்று சொல்லிக் கடைக்காரர் படிவத்தை நீட்டினார். என் வீட்டுக்காரர் என்னை ஒன்றும் கேட்காமல் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் எழுதிக்கொண்டு போனார். பாதியில் பேனா நின்றுவிட்டது.

"கடைசி மூணு மாசம் நான்தான் அவரக் குளிப்பாட்டினேன்" என்றார், தலையைத் தூக்காமல். "தெனமும் கதவச் சாத்திக்கிட்டு நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் உள்ள இருப்போம். ஒரு நாளாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

நான் முதல் தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பா பதில் சொல்லவில்லை.