பின்னால் வருகிறவள்

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு சின்னக் காட்சி மட்டும்தான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று சண்டைக்கு வரக் கூடாது.

ஏரியைச் சுற்றி சைக்கிள் பயணிகளுக்கென்றே போட்ட பாதை அது. கம்பத்துக்குக் கம்பம் சைக்கிள் படம் வரைந்த பச்சைப் பலகை. அதன் ஒரு வளைவில், தேநீர்க் கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். சற்றுத் தள்ளி ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியையே பார்த்தபடி நின்றான். பொறுமைசாலி, செல்போனைக்கூட எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். முகம் சிவந்து, வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். அவள் கால் தரையைத் தொடுவதற்குள் ஏறி மிதித்துப் போய்விட்டான். அவள் ஊன்ற வந்த காலை மறுபடி பெடலில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவ்வளவுதான். அவன் காத்திருந்த நேரமெல்லாம் அவனுக்கு ஓய்வு. அவள் வந்ததும் ஓய்வு முடிந்துவிட்டது, இரண்டு பேருக்கும் சேர்த்து.

2

முதல் வரி சுலபத்தில் அமையவில்லை.

விடிவதற்கு முன் ஏரி, தான் ஏரி என்பதையே மறந்து

(வேண்டாம். ஏரிக்கு என்ன ஞாபகம், என்ன மறதி.)

அவர்கள் கிளம்பியபோது மணி சரியாக

(எத்தனையாக இருந்தால் யாருக்கு என்ன.)

அவன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது.

இது பரவாயில்லை, இருக்கட்டும். காற்றடித்தவன் கணவன், லிஃப்ட் மெக்கானிக். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். போன் வந்தது வேறொரு ஊரிலிருந்து. அங்கே பெரிய லென்ஸ் பட்டறை ஒன்றில் அவளையே பொறுப்பாளராக வரச் சொல்கிறார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் போக ஆசை. போனை வைத்ததுமே அந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று தேடிப் பார்க்கிற அளவுக்கு ஆசை. அதை அவனிடம் சொல்ல வேண்டும். கூட வருவாயா என்று கேட்கவும் வேண்டும். ஏரியைச் சுற்றி வர ஒரு முழுப் பகல் இருக்கிறது, போகிற வழியில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

3

முதல் வளைவில் அவன் காத்திருந்தான். பனி கலையவில்லை. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெள்ளை. நடுவில் ஒரு படகு எதன்மேலும் மிதக்காமல் நின்றது. எங்கோ ஒரு முக்குளிப்பான் பறவை மூழ்கிய சத்தம் கேட்டது. எழுந்த சத்தம் கேட்கவில்லை. ஹேண்டில்பாரில் கையை ஊன்றி, விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று தனக்கே தெரியாமல் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். (இதை எழுதும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. பேனா பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.)

அவள் வந்தாள். "ஏங்க, ஒரு..."

"வந்துட்டியா? போலாமா?" என்றான். போனான்.

4

அடுத்து அவன் நின்றது காப்புக்காட்டின் நுழைவில். உயரமான மரங்கள், பாதை முழுக்க நிழல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. காட்டுக்குள்ளிருந்து ஒரு மான் வந்தது. அவனை நிதானமாகப் பார்த்தது. இந்த ஆளால் ஆபத்தில்லை என்று முடிவு செய்துகொண்டு மேய ஆரம்பித்தது. அவன் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டான். இப்படியே மாலை வரை நின்றாலும் அவனுக்குச் சம்மதம்தான்.

அவள் சைக்கிள் சத்தம் கேட்டு மான் போய்விட்டது.

"மான் ஒண்ணு நின்னுச்சு, பாத்தியா?"

"இல்ல. நான் உங்ககிட்ட ஒரு விஷயம்..." மூச்சு இரைத்தது. மீதி வரவில்லை.

"தண்ணி குடி முதல்ல. இந்தா." பாட்டிலைத் திறந்தே கொடுத்தான். அவள் குடித்தாள். குடிக்கும்போது பேச முடியாதல்லவா? "நீ மெதுவா வா, நான் முன்னால போய் நிக்கறேன்."

(மதியம் சாப்பிடும்போது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் உணவகத்துக்கு வந்து சேர்ந்தபோது அவன் சாப்பிட்டு முடித்திருந்தான். அவளுக்கும் வாங்கி, ஆறிவிடாமல் தட்டால் மூடி வைத்திருந்தான். அவள் சாப்பிடுகிற நேரத்தில் வெளியே போய் அவள் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கை இறுக்கிக் கொடுத்தான். அவன் நல்லவன். எனக்குள்ள தலைவலியே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் முதல் வளைவிலேயே கதையை முடித்துவிட்டு நான் வேறு வேலை பார்த்திருப்பேன்.)

5

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். அக்கா மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவள். பொதுவாக என் கதை என்றால் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவாள். இந்த முறை தப்பவிடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "பனி இருக்கு, படகு இருக்கு, மான்கூட இருக்கு. அந்தப் பொண்ணு எங்கடா?"

"வர்றாளேக்கா. ஒவ்வொரு வளைவுலயும் வர்றா."

"அவ வந்ததும் நம்பரைப் போட்டு அடுத்ததுக்குக் கிளம்பிடற. அவனாவது சிரிச்சுட்டுப் போறான். நீ அதுகூட இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "பேசத்தான் போறா. அடுத்த பகுதில..."

"எப்படிப் பேசுவா? மூச்சு இல்லாம வந்து நிக்கறவ என்னத்தப் பேசுவா? எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட நான் கேள்வியே கேக்க மாட்டேன். உக்கார வெப்பேன். கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அப்புறம் அவங்களே சொல்லுவாங்க."

காகிதங்களை வாங்கிப் புரட்டினேன். ஏரியைப் பற்றி எனக்குப் பிடித்த வரிகள் எல்லாமே அவன் நின்ற இடங்களில் எழுதியவை. அவள் மிதித்து வந்த தூரத்தில் ஒரு வரிகூட இல்லை. காலையிலிருந்து நானும் அவனோடுதான் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

6

சரி, திரும்பிப் போகிறேன்.

உணவகத்தைத் தாண்டி அவள் வந்துகொண்டிருந்தாள். பக்கத்திலேயே நானும் போனேன். அவளுக்குத் தெரிந்தது தார்ப் பாதையும் அதில் விழுந்த சருகும் தன் முன்சக்கரமும்தான். இடது பக்கம் ஏரி என்று ஒன்று இருப்பது காற்றின் குளிர்ச்சியில்தான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவன் முதலில் புள்ளியாகத் தெரிவான். பிறகு சட்டை நிறம். பிறகு சிரிப்பு. அதைப் பார்த்ததும், ஐயோ, காக்க வைத்துவிட்டோமே என்று அவள் எழும்பி மிதிப்பாள். இருந்த கொஞ்ச மூச்சும் அந்தக் கடைசி வேகத்தில்தான் போனது. இதை வளைவிலேயே நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

முதல் பிரதியில் அவளை "மெதுவாக ஓட்டுகிறவள்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தன் வேகத்தில் ஓட்ட அவளுக்கு இன்று வாய்க்கவே இல்லை.

7

காப்புக்காட்டுக்கு அடுத்து வந்த சரணாலயம் பறவைகளுக்கானது. பாதையின் இரு புறமும் ஆளை மறைக்கும் நாணல். முன்னால் ஒரு வளைவு. அதற்கு அப்பால் அவன் நிற்பான். இங்கிருந்து அவன் தெரியவில்லை. அவனுக்கும் இவள் தெரியாது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக மிதி

அவள் மிதிக்கவில்லை. பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றினாள். இது நான் எழுதி நிறுத்தியது அல்ல, அவளாகவே நின்றாள். சைக்கிளை நாணலில் சாய்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

அக்கா சொன்னபடி நான் சும்மா இருந்தேன்.

முதலில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. அது தணியத் தணிய நாணல் உரசுவது கேட்டது. பிறகு அதன் இடுக்கில் தண்ணீர் தெரிந்தது. வெயில் சாய்ந்து ஏரி முழுக்கத் தேன் நிறமாக இருந்தது. நாரைகள் தலைகீழ் நாரைகளின் மேல் நின்றன. ஏதோ ஒரு மீன் துள்ளி விழுந்து எழுப்பிய வட்டம், அவசரமே இல்லாமல் விரிந்து விரிந்து அவள் செருப்பு வரை வந்தது.

"இவ்ளோ பக்கத்துலயா இருந்துச்சு," என்றாள்.

செல்போனை எடுத்துப் பட்டறைக்குப் பேசினாள். "வர்றேங்க. ஆமா, முடிவு பண்ணிட்டேன்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "வீடா? ரெண்டு பேருக்கா, ஒருத்தருக்கான்னு... இருட்டறதுக்குள்ள சொல்றேங்க."

வைத்துவிட்டு, நாணலைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு அந்த ஊர்ல வேலை குடுத்திருக்காங்க. நான் போறேங்க. நீங்களும் வர்றீங்களா?" திக்கல் திணறல் இல்லாமல், பாதியில் அறுபடாமல் வந்தது.

அதற்குப் பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

8

முடிவுக்கு என்னிடம் சில யோசனைகள் இருக்கின்றன. அவன் பதறிப்போய் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருகிறான், வாழ்க்கையில் முதல்முறையாக. வந்து பக்கத்தில் உட்காருகிறான். அவள் சொல்கிறாள். இது எனக்குப் பிடித்த முடிவு, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. இன்னொன்றில் அவன் இருட்டும் வரை அங்கேயே நிற்கிறான், தன் பொறுமையைத் தானே மெச்சிக்கொண்டு. மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. அவள் தன்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்று நினைத்து அவன் முன்னாலேயே மிதித்துக்கொண்டு போகிறான். பாதைதான் ஏரியைச் சுற்றுகிறதே. கடைசியில் மூச்சு இரைக்க, அவளுக்குப் பின்னாலிருந்து வந்து சேர்கிறான்.

எது நடந்தது என்று தெரிய வேண்டுமானால் யாராவது வளைவைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். நான் போவதாக இல்லை. போனால் இவளை மறுபடி தனியாக விட்டுப் போனதாகிவிடும், ஒரு நாளுக்கு அது போதும்.

உங்களுக்கு முடிவு தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நீங்கள் போய் வாருங்கள். அவன் அங்கே நின்றால் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள், பேச இனிமையானவன்தான். ஆனால் அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிடுவான்.