பீடத்தில் லவீனியா

லவீனியா மொந்தாறோ நடித்த பதினொரு படங்களையும் பார்த்த ஆட்கள் மன்னார் மாவட்டத்தில் இரண்டே பேர். ஒருவன் நான், தாழ்வுபாட்டில் படகு வைத்துத் தொழில் செய்கிற பெனடிக்ற். மற்றவர் உயிலங்குளத்தில் வயல் செய்கிற நவரத்தினம் அண்ணை. அவருடைய தம்பி இத்தாலியிலிருந்து அனுப்பிய இறுவட்டுகளில் பிடித்த வியாதி இது. எங்கள் இருவருக்கும் இத்தாலி மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே சண்டை பிடிக்கத் தாராளமாக இடம் இருந்தது.

ரயில் படத்தில் அவள் புருஷனை விட்டுப் போகிறாள் என்பது என் கட்சி. போய்விட்டுத் திரும்பி வருகிறாள் என்பது அண்ணையின் கட்சி. ஒன்பது வருடமாகியும் வழக்குத் தீரவில்லை. கன்னியாஸ்திரி படம்தான் அவளுடைய உச்சம் என்று நான் சொன்னால், "அதில அவ ஒரு சொட்டு அழேல்லை, சும்மா முழிச்சுக்கொண்டு நிக்கிறா" என்பார். அழுகை என்றால் மாரிமழை மாதிரிக் கொட்டவேண்டும் அவருக்கு. வயல்காரரோடு கலை பேசினால் இதுதான் கதி.

அந்தக் கன்னியாஸ்திரி படத்தால்தான் வினை வந்தது. அதில் அவள் முக்காடு போட்டு, கைகூப்பி, மேலே பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. அதை மன்னார் ரவுணில் பெரிதாக அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். அப்போது எனக்குக் கலியாணமாகி ஆறு மாதம். வாசலிலேயே மனைவி றஞ்சிதா அதை வாங்கிப் பார்த்தாள்.

"இது எந்தப் புனிதை?"

ஒரு நடிகையைச் சட்டம் போட்டுக் கூட்டிவந்திருக்கிறேன் என்று புதுப் பெண்டாட்டியிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இருக்கவில்லை. "இத்தாலிப் பக்கம்" என்றேன். அது பொய்யும் இல்லை. அவள் படத்தைக் கொண்டுபோய் வீட்டுப் பீடத்தில் மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் வைத்து, சிவப்பு மின்குமிழையும் சற்று நகர்த்திவிட்டாள். அன்றிலிருந்து ஏழு வருடம், பின்னேரச் செபமாலைக்கு நான் ஒருநாளும் பிந்தியதில்லை. என் பக்தியை மாமியார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

போன தை மாதம் வாடைக்காற்றில் படகின் எஞ்சின் நின்றுபோனது. இரண்டு நாள் கடலில் இழுபட்டேன். மூன்றாம் நாள் வங்காலைப் படகொன்று கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது. றஞ்சிதா கடற்கரையில் நின்றாள். என் சட்டையைப் பிடித்தவள் வீடு வரைக்கும் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். இரண்டு நாளும் அந்தப் படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாளாம். மற்றப் புனிதர்களிடம் ஆயிரம் பேர் கேட்பார்கள், இவளுக்கு ஆள் குறைவு, கட்டாயம் காது கொடுப்பாள் என்று நினைத்தாளாம். நான் உயிரோடு வந்தால் அயலுக்குச் சோறு போட்டு, பங்குச் சாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளித்துப் படத்தை மந்திரிப்பிக்கிறதென்று நேர்த்தி வைத்திருந்தாள்.

கடலில் வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. புதிதாக வந்திருந்த சாமியார் ரோமாபுரியில் ஆறு வருடம் படித்தவர்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"உண்மையைச் சொல்லிப்போடும் ஐசே."

"சொன்னால் இனி நான் சொல்லுற ஒண்டையும் நம்பமாட்டாள் அண்ணை. அவளுக்கு முழந்தாள் தோல் உரிஞ்சு கிடக்கு."

"அப்ப சொல்லாதையும். ஆனா நான் அப்பவே சொன்னனான், விதவைப் படத்தில இருந்து எடுத்திருக்கலாம். அதிலதான் முகத்தில உயிர் இருக்கு."

"அதில அவ சுருட்டெல்லோ பத்துறா!"

"பத்தினாலும் நடிப்பு நடிப்புத்தான்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை நேர்த்திச் சாப்பாட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீடு நிறையச் சனம். சாமியார் பீடத்துக்கு முன்னால் வந்து, தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

"இது லவீனியா மொந்தாறோ எல்லோ? நடிகை!"

அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒன்றும் தெரியாதவன்போல நின்றிருப்பேன். நிறுத்தவில்லை.

"அதுவும் அவவின்ர ஆகத் திறமில்லாத படம்."

"இல்லைச் சுவாமி!" என் வாய் என்னைக் கேளாமல் திறந்தது. "நடிக்கிறா எண்டு தெரியாமல் அவ நடிச்சது இது ஒண்டிலதான்!"

சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. பின்னால் நின்ற நவரத்தினம் அண்ணைக்கு அதுவும் விளங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"சுவாமி, அந்த ரயில் படத்தில அவ புருசனிட்டத் திரும்பி வாறவதானே?"

"புருசனோ? அது அவவின்ர தமையனெல்லோ."

அண்ணை பக்கத்தில் இருந்த கதிரையில் மெல்ல இருந்துவிட்டார். நான் றஞ்சிதாவைப் பார்த்தேன்.

"ஏழு வருசமும் தெரிஞ்சுகொண்டேதான் எனக்குப் பக்கத்தில முழந்தாளில இருந்தனீங்களோ?"

"ஓம்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கடலோடு போயிருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

சாமியாருக்கு மனம் இளகியது. "பரவாயில்லைப் பிள்ளை. படத்தை எடுத்துவிடுவம். நல்ல புனிதையின்ர சுருவம் ஒண்டு நான் கொண்டுவந்து தாறன்."

"நில்லுங்கோ சுவாமி" என்றாள் றஞ்சிதா. "அவ நடிச்சவ. இவரும் ஏழு வருசமா நடிச்சவர். நான் நடிக்கேல்லை. நான் கேட்டது கேக்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கு. ஆள் வந்து நிக்குது. நேர்த்தி நேர்த்திதான், தெளியுங்கோ."

"படத்துக்கு ஏலாது பிள்ளை."

"படத்துக்கு வேண்டாம். இவருக்குத் தெளியுங்கோ. இவருக்காகத்தான் வைச்சனான்."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். தீர்த்தத்தில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. அத்தனை சனத்துக்கும் முன்னால் நான் அழுதேன்.

றஞ்சிதா படத்தை எடுத்து என் கையில் தந்தாள்.

"கொண்டுபோய் உங்கட அலுமாரிக்குள்ள வையுங்கோ. வைச்சிட்டுக் கெதியா வாங்கோ. இண்டைக்குச் சனத்துக்குச் சோறு போடுறது நீங்கள்தான்."