ஃபிரிட்ஜ் வரக்கூடாத கதை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு நிபந்தனையோடு கிடைத்தது. கிட்டார் வாசித்து, தானே பாட்டெழுதிப் பாடும் என் தோழி, புது ஆல்பம் வெளிவந்த வாரம் சொன்னாள்: "எழுதிக்கோ. ஆனா ஃபிரிட்ஜ் மட்டும் வரக்கூடாது. அவருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடும்." அவர் என்றால் அவள் கணவர். நானும் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டினேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன், பாருங்கள்.

2.

முதல் தொடக்கம்: 'அவள் வீட்டில் ஒரு பழைய மின்விசிறி இருந்தது. அதன் சத்தத்துக்கு அவள்...'

(அடித்துவிட்டேன். மின்விசிறிக்குள் வெந்நீர்ப் பாத்திரம் வைக்க முடியாது. அதை ஏன் வைக்க வேண்டும் என்றால், மேலே படியுங்கள்.)

3.

சரி, உள்ளதையே சொல்லிவிடுகிறேன். தெருப்பக்க அறைகளில் வண்டிச் சத்தம். அதனால் அவள் சமையலறையில்தான் பதிவு செய்தாள். அங்கே ஒரு கிழட்டு ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். இவள் கிட்டார் தந்திகளை அந்த உறுமலுக்குச் சுருதி சேர்த்தாள்!

மோட்டார் கிளம்பினால் பாட்டு தொடங்கும். அது நிற்பதற்குள் முடித்தாக வேண்டும். எப்போது நிற்கும் என்பது அவளுக்கே தெரியாது. அவள் குரலில் இருக்கும் அந்தத் தவிப்பு எங்கிருந்து வந்தது என்று ஆல்பத்தைக் கேட்டவர்கள் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். நீளமான பாட்டு என்றால் வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைப்பாள். அதைக் குளிரவைக்க மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். இந்த மூளை நமக்கு இல்லாமல் போயிற்றே என்று எனக்குப் பொறாமைதான்.

4.

கடைசியில் ஒரே ஒரு பாட்டு பாக்கி. கணவரைப் பற்றியது, இருப்பதிலேயே நீளமானது. ஒத்திகைக்காக, வீட்டில் இருப்பதிலேயே பெரிய பாத்திரம் வெந்நீரோடு உள்ளே போனது. அன்றைக்குப் பார்த்து அவர் சீக்கிரம் வந்து, ஃபிரிட்ஜ் மூச்சுவாங்க ஓடுவதைப் பார்த்துவிட்டார். மறுநாள் அவள் வெளியே போயிருந்தபோது புதுசு வந்து இறங்கிவிட்டது.

"பாவம், அந்தச் சனியனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படித்தான் பாடினியோ. பழசைக் கடைக்காரங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்க, உடைச்சுடுவாங்களாம். இதுல சத்தமே வராது. காதை வச்சுக் கேளேன்."

அவள் காதை வைத்துக் கேட்டாள். வரவில்லை.

"எப்படி?"

"ரொம்ப நல்லாயிருக்குங்க."

5.

(பழைய பதிவிலிருந்து உறுமலை வெட்டி ஒட்டலாமே என்பீர்கள். பதிவுகளை ஆல்பமாகத் தொகுத்த ஒலிப்பதிவாளரும் அதையேதான் சொன்னார். "அது நிக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாடினா நடிப்பாயிடும்" என்றுவிட்டாள்.)

இங்கே எனக்குக் கை அரித்தது. முடிவு ஒன்று: கணவரே பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுருதியை முனக...

(வேண்டாம். அவருக்குச் சுருதி என்றால் கிலோ என்ன விலை.)

முடிவு இரண்டு: அவள் விஷயத்தைப் போட்டு உடைக்க, அவர் அப்படியே...

(கூடாது. ஆசை ஆசையாக வாங்கி வந்த மனிதர்.)

6.

நடந்ததை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது. ஒரு சாயங்காலம், அவர் வேலையிலிருந்து வருவதற்கு முன் அவள் பாட ஆரம்பித்தாள். அவர் வந்ததும் நிறுத்திவிடுவது என்று தனக்குத்தானே தீர்மானம். எப்போது வருவார் என்று தெரியாது. அவரைப் பற்றிய பாட்டை, அவர் வரும்வரை, மெல்ல நீட்டிக்கொண்டே போனாள். கதவு திறக்கும் சத்தமும் அவர் குரலும் ஆல்பத்திலேயே இருக்கின்றன.

"ஐயையோ, கெடுத்துட்டேனா?"

"இல்லைங்க. முடிஞ்சிடுச்சு."

ஆல்பம் அங்கேதான் முடிகிறது. நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

7.

அவரோ இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "கடைசிப் பாட்டைக் கேட்டீங்களா? நான் புது ஃபிரிட்ஜ் வாங்கினப்புறம் எடுத்தது. அதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு."

ஆல்பத்திலேயே சிறந்த பாட்டு அதுதான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. என்னிடம் சொன்னபோது நான் இருமிச் சமாளித்தேன். உங்களிடமும் ஒருநாள் சொல்வார். நீங்களோ இந்தக் கதையைப் படித்துத் தொலைத்துவிட்டீர்கள். உங்கள் பதிலுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"                              "