நாலு விரல் ஏறிய திரைச்சீலை

எங்கள் தையல் கடையில் கத்திரிக்கோலைத் தொட மீசை வேண்டும். எனக்கு மீசை இல்லை. அதனால் ஊட்டி மார்க்கெட் பின்புறத்தில் பதினொரு வருஷம் காஜா எடுத்தேன், பித்தான் வைத்தேன், ஓரம் மடித்தேன். துணி வெட்டுவது மாஸ்டர் இராஜமாணிக்கம் மட்டும்தான். கடையும் அவருடையது.

"வேலாமணி, வெட்டறதுக்குக் கை மட்டும் பத்தாது, மூளை வேணும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோப்பேன்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் தபித்தாளம்மா கடைக்கு வந்தார். பள்ளி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பங்களா ஒன்றை எடுத்து, நாலு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடப் போகிறாராம். எட்டு ஜன்னலுக்கும் திரைச்சீலை வேண்டும், ஆனால் கடைகளில் சொன்ன விலை தலை சுற்றுகிறது என்றார்.

"காடாத் துணியில தைக்கலாமுங்க. வெலை கம்மி. நல்லா மடிப்பு வச்சுத் தொங்கவிட்டா லட்சணமா இருக்கும்" என்றேன், கேட்காமலேயே.

மாஸ்டர் சிரித்தார். "கோட்டு தைக்கிற கடைங்க இது. ஜன்னலுக்கெல்லாம் சட்டை தைக்க முடியாதுங்க."

"நான் தைக்கிறேனுங்க. நானே வெட்டுறேன்."

கடையில் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, வெட்டு. துணி வீணாச்சுன்னா ஆயுசுக்கும் கத்திரிக்கோல் பேச்சு எடுக்கக் கூடாது."

"சரியா வந்துச்சுன்னா நானும் இந்த மேசையில வெட்டுவேன். அம்மாதான் சாட்சி."

தபித்தாளம்மா தலையசைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் மாட்டியாக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

காடாத் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். அது எனக்குத் தெரியாதா? முழுத் துணியையும் நனைத்து மூங்கில் கொடியில் தொங்கவிட்டேன். நாலு நாள் மூடுபனி விலகவே இல்லை. ஆடி மாதத்து ஊட்டியில் காய்ந்த துணியும் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். தடவிப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. குளிர்தான், ஈரமில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்திருந்தால் ஆவி கிளம்பி உண்மையைச் சொல்லியிருக்கும். அதைச் செய்யவில்லை. பதறிய காரியம் சிதறும் என்பார்கள், நான் பதறினேன்.

ஆனாலும் வெட்டிய அந்த ஒரு பகலை மறக்க மாட்டேன். கத்திரி துணிக்குள் ஓடியபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

வெள்ளி காலை எட்டு ஜன்னலிலும் மாட்டினேன். அடிக்கட்டையைத் தாண்டி மூன்று விரல் இறங்கி, பால் நிறத்தில், அளவெடுத்தாற்போல் நின்றன. அறைகள் கதகதப்பாக இருக்கட்டும் என்று தபித்தாளம்மா எல்லாக் கணப்புகளையும் மூட்டினார். எனக்குக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் திரைச்சீலை மேலே ஏறிக்கொண்டிருந்தது! பத்து மணிக்குள் எட்டும் நாலு விரல் ஏறிவிட்டன. அடிக்கட்டைக்கு மேலே ஒரு விரல் கண்ணாடி பல்லிளித்தது.

அந்த நேரம் பார்த்தா மாஸ்டர் வர வேண்டும்?

"மழையில பொம்பளைங்க சேலையத் தூக்கிச் செருகுன மாதிரியல்ல இருக்குது" என்று கையைத் தட்டிச் சிரித்தார். "வா, காஜா காத்துக்கிட்டிருக்குது."

அவர் முன்னால் அழுவதைவிடச் செத்துப்போகலாம். "நாலு மணிக்கு வாங்க மாஸ்டர்" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஓர மடிப்பைப் பிரித்தாலும் ஒரு விரல்தான் கிடைக்கும், அடிக்கட்டையைத் தாண்டாது.

அவர் போனதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். முழங்காலில் காற்று ஊசியாகக் குத்தியது. பழைய மரச்சட்டம், அடியில் இடுக்கு. காற்று உள்ளே வந்து துணியைத் தூக்கித் தூக்கி அடித்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தத் திரைக்கு நீளம் மட்டுமா குறை? கனமும் அல்லவா குறை!

"அம்மா, பழைய கம்பளி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஒரு பெட்டி நிறைய இருந்தது. விடுதியில் கழித்துக் கட்டிய சிவப்புக் கம்பளிகள், பூச்சி அரித்தவை. ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து ஒரு சாண் அகலப் பட்டைகளாக வெட்டினேன். இருபது வருஷம் துவைபட்ட கம்பளி, இனிமேல் அது சுருங்காது. தபித்தாளம்மாவின் கைமிஷினில் எட்டுத் திரைக்கும் அடியில் பட்டையைக் கொடுத்துத் தைத்தேன். சோறு தண்ணீர் ஞாபகமே இல்லை.

மூன்றரை மணிக்கு மறுபடியும் மாட்டினேன். சிவப்புப் பட்டை அடிக்கட்டைக்குக் கீழே இறங்கிச் சுவரை ஒட்டி அமர்ந்தது. காற்று வந்து முட்டியது, திரை அசையவில்லை.

நான் சொன்னபடி மாஸ்டர் நாலு மணிக்கு வந்தார். பட்டையைப் புரட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். "ஒட்டுப் போட்டிருக்கே" என்றார். பின்னாலேயே மதராஸ் விருந்தாளிகள் நடுங்கிக்கொண்டே வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தார், கையை நீட்டிப் பார்த்தார். "போன தடவை தங்கின இடத்துல ராத்திரி பூரா காத்து. இங்கே வரவே இல்லையே! இந்தச் சிவப்புக் கரை ரொம்ப அழகா இருக்கு, எங்கே வாங்கினீங்க?"

தபித்தாளம்மா என்னைக் காட்டினார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஹாலுக்கும் இதே மாதிரி திரை வேணும். நாற்காலி மெத்தைக்கு உறை, கட்டில் விரிப்பு, எல்லாம் வேணும். இவங்களே வெட்டட்டும்."

எனக்குக் கூரையில் ஏறிக் கூவ வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை புதுத் துணியை நனைத்துக் காயவைத்து, கரி போட்டு, ஆவி அடங்கும் வரை தேய்த்தேன். மாஸ்டரின் மேசையிலேயே விரித்தேன். கடையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மாஸ்டர் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"முழுசாக் காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாஸ்டர், வெளிச்சம் மறைக்குது."

அவர் தள்ளி நின்றார். நான் வெட்டினேன்.