ஹாஸ்டெட் வீட்டின் ஒன்பது படிகள்

கவுன்ட்டியின் பழமைச் சின்னக் குழுவில் அன்று லைல் ஹாஸ்டெட்டின் வீடு விவாதத்துக்கு வந்தது. வீட்டைப் பழமைச் சின்னப் பட்டியலில் சேர்த்து, வாசலில் வெண்கலப் பட்டயம் பதிக்க வேண்டும் என்று கிழவருக்கு வெகுநாள் ஆசை. இருவர் ஆதரித்தார்கள், இருவர் எதிர்த்தார்கள். எல்லோரும் ஐந்தாவது உறுப்பினரான ஓரினைப் பார்த்தார்கள்.

நான்கு வருடம் முன்பு இந்த லைல்தான் குழுத் தலைவர். ஓரினின் வீடு அந்தப் பட்டியலில் இருந்தது; பட்டியலில் உள்ள வீட்டின் முகப்பில் எதை மாற்றவும் குழுவின் அனுமதி வேண்டும். நடக்க முடியாமல் போன மனைவி கோராவின் சக்கர நாற்காலிக்காக வாசலில் சரிவுப் பாதை போட அனுமதி கேட்டான். முகப்பழகு கெடும் என்று லைல் மறுத்துவிட்டார். அதன்பின் கோரா வெளியே வரவேயில்லை. சவப்பெட்டியில்தான் படி இறங்கினாள்.

ஓரின் ஆதரவாகக் கை உயர்த்தினான்.

கூட்டம் முடிந்ததும் லைல் இரண்டு ஊன்றுகோலோடு அவனிடம் வந்தார்.

"பழசையெல்லாம் மறந்துட்டியேப்பா. பெரிய மனசு உனக்கு."

"முட்டி எப்படி இருக்கு சார்?"

"ரெண்டும் போச்சு. கிறிஸ்துமஸுக்குள்ள சக்கர நாற்காலிதான்னு டாக்டர் சொல்லிட்டார். வாசல்ல சரிவுப் பாதை போட ஆள் பிடிக்கணும்."

"முதல்ல குழுகிட்ட அனுமதி வாங்குங்க. உங்க வீடும் இப்ப பட்டியல்ல இருக்கு."

லைலின் சிரிப்பு நின்றது. "அட, நம்ம குழுதானேப்பா?"

"விதியை எழுதினது நீங்க. நான் அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தல."

ஓரின் கார் கதவைத் திறந்தான்.

"உங்க வாசல்ல ஒன்பது படி சார். எங்க வீட்டுல ஏழுதான்."